ஒரே எண்ணில் மாவும் கொய்யாவும்: வேளாண் பொருள் வகைப்பாடுகளின் திருத்தம்

வேளாண்மையையும் உணவையும் பற்றிய எந்தப் புள்ளிவிவரமும் எண்ணத் தொடங்கும் முன்பே ஒரு முடிவை எடுத்துவிடுகிறது: எவை ஒரே பொருள், எவை வெவ்வேறு பொருள் என்ற முடிவு. நெல்லும் அரிசியும் ஒரே கணக்கா? விதைநெல்லுக்குத் தனி வரி வேண்டுமா? ஊருக்குள் இதைப் பழக்கம் தீர்த்துவைக்கும். நாடுகளை ஒப்பிட வேண்டுமானால் எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதிவைத்த பட்டியல் வேண்டும். பன்னாட்டுப் பொருள் வகைப்பாடுகள் அப்படிப்பட்ட பட்டியல்களே. சாகுபடியும் உணவும் வணிகமும் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். திருத்தத்தில் ஒரு வரி கூடினால் ஒரு பயிர் உலகக் கணக்கில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கூடாவிட்டால் ‘பிற’ என்ற வரிக்குள் கிடக்கும். விலை, இறக்குமதி வரி, உணவுப் பற்றாக்குறை முன்னறிவிப்பு, ஊட்டச்சத்துத் திட்டம் எல்லாம் இந்த வரிகளை நம்பியிருப்பதால், அலுவலக வேலையாகத் தோன்றும் இந்தத் திருத்தம் உழவரையும் உண்பவரையும் நேரடியாகத் தொடுகிறது.

இந்தப் பட்டியல்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. டேவிட் லூபின் என்ற அமெரிக்க வணிகர், கலிபோர்னியாவில் பழத்தோட்டமும் வைத்திருந்தவர், உலக விளைச்சல் பற்றிய செய்தி வணிகர்களின் கையில் மட்டும் இருப்பதால் விவசாயி விலையில் ஏமாறுகிறான் என்று கண்டார். இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அவருக்குச் செவிசாய்த்தார். 1905இல் ரோம் நகரில் பன்னாட்டு வேளாண்மை நிறுவனம் உருவானது. 1930ஆம் ஆண்டின் முதல் உலக வேளாண் கணக்கெடுப்பை அந்த நிறுவனமே நடத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் பணி ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பிடம் வந்து சேர்ந்தது. வணிகத் தரப்பில் வேறொரு ஓட்டம் இருந்தது. 1938இல் சர்வதேச சங்கம் (League of Nations) குறைந்தபட்சப் பொருள் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 1950இல் ஐ.நா.வின் சீர்தர வணிக வகைப்பாடு வந்தது. சுங்கத் துறைகளுக்கென பிரஸ்ஸல்ஸில் தனிப் பட்டியல் உருவானது. விளைச்சலைக் கணக்கிடுபவர்கள் ஒரு பட்டியலும், எல்லை தாண்டும் சரக்கைக் கணக்கிடுபவர்கள் இன்னொரு பட்டியலும் வைத்திருந்த அந்தப் பிளவு இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

இங்கே மூன்று பட்டியல்கள் முதன்மையானவை. முதலாவது, உலகச் சுங்க அமைப்பு பேணிவரும் எச்.எஸ். குறியீடு. இதற்கான உடன்படிக்கை 1983இல் ஏற்கப்பட்டு 1988 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்கம். முதல் இரண்டும் அத்தியாயம், நான்கு சேர்ந்தால் தலைப்பு, ஆறும் சேர்ந்தால் உட்தலைப்பு. அத்தியாயம் 10 தானியங்கள், 1006 அரிசி, 1006.10 நெல், 1006.20 உமி மட்டும் நீக்கிய அரிசி, 1006.30 தீட்டிய அரிசி, 1006.40 நொய். ஆறு இலக்கம் வரை எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குமேல் பிரிப்பது அந்தந்த நாட்டின் விருப்பம். இந்தியா எட்டு இலக்கம் வைத்திருக்கிறது. புழுங்கல் அரிசி, பாசுமதி ஆகியவை தனித்து நிற்பது அந்தக் கடைசி இரண்டு இலக்கங்களில்தான். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. உலகச் சந்தையை உலுக்கிய இந்த இரண்டு ஆணைகளும் சுட்டிய பொருள்களுக்கு ஆறு இலக்கப் பட்டியலில் தனி இடம் இல்லை. அங்கே எல்லாம் 1006.30தான்.

இரண்டாவது, ஐ.நா.வின் மையப் பொருள் வகைப்பாடு, சுருக்கமாக சி.பி.சி. இதன் தற்காலிகப் பதிப்பு 1991இல் வெளியானது, பின்னர் 1.0, 1.1, 2, 2.1 என்று திருத்தப்பட்டது. 2.1ஆம் பதிப்பு 2015க்குரியது. எச்.எஸ். சரக்குகளுக்கு மட்டும் உரியது, சி.பி.சி. சேவைகளையும் சேர்த்துக்கொள்கிறது. பொருள் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்பதையும் அது பார்க்கிறது. ஆகவே வயலில் விளையும் நெல் அதன் 0ஆம் பிரிவிலும், ஆலையிலிருந்து வரும் அரிசி 2ஆம் பிரிவிலும் இடம்பெறுகின்றன. உழவின் வருமானத்தையும் ஆலையின் வருமானத்தையும் பிரித்துக் காட்ட வேண்டிய தேசியக் கணக்குக்கு இந்தப் பிரிவு தேவை. மூன்றாவது, உணவு வேளாண்மை அமைப்பு தன் தரவுத்தளத்துக்காகப் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த சொந்தப் பட்டியல். அதில் கோதுமைக்கு 15, நெல்லுக்கு 27, தேங்காய்க்கு 249 என்று எண்கள். விளைச்சலை அறிந்தவர்கள் உருவாக்கியது என்பதால் பயிர்ப் பிரிவுகளில் அது நுணுக்கமாக இருந்தது. ஆனால் மற்ற எந்தப் புள்ளியியல் துறையும் அதைப் பயன்படுத்தாததால் அது தனித்தீவாக நின்றது.

சுங்கப் பட்டியல் எப்படித் திருத்தப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும், ஏனென்றால் மற்றவை பெரும்பாலும் அதன் பின்னால் செல்கின்றன. சி.பி.சி.யின் சரக்குப் பிரிவுகள் பொதுவாக எச்.எஸ். உட்தலைப்புகளை முழுதாக எடுத்து அடுக்கியவை. எச்.எஸ்.ஸில் பிரிக்காததை அங்கே பிரிப்பது கடினம். ஓர் உறுப்பு நாடோ உணவு வேளாண்மை அமைப்பு போன்ற பன்னாட்டு அமைப்போ முன்மொழிவை அனுப்புகிறது. மறுஆய்வுத் துணைக்குழுவும் எச்.எஸ். குழுவும் ஆண்டுக்கணக்கில் விவாதிக்கின்றன. உலகச் சுங்க அமைப்பின் மன்றம் ஏற்ற பின் உறுப்பு நாடுகளுக்கு மறுப்புத் தெரிவிக்க ஆறு மாதம். அதன் பின்னும் நாடுகள் வரிச் சட்டங்களை மாற்றிக்கொள்ள அவகாசம் தரப்படுகிறது. ஒரு யோசனை எழுதப்பட்ட நாளிலிருந்து துறைமுகத்தில் பயன்பாட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் எளிதில் ஓடிவிடும். 1996, 2002, 2007, 2012, 2017, 2022 ஆகியவை பெரிய பதிப்புகளின் ஆண்டுகள்.

ஒரு பொருள் தனி வரி பெறுவதற்கு முதல் தகுதி வணிக அளவு. உலக வணிகம் குறிப்பிட்ட டாலர் அளவுக்குக் கீழே இறங்கினால் இருக்கும் வரியையே நீக்கலாமா என்று ஆராய்வார்கள். இரண்டாவது தகுதி, சுங்க அலுவலர் பார்த்துப் பிரித்தறிய முடிவது. இரண்டும் சுங்கத் துறைக்கு நியாயமான அளவுகோல்கள். வேளாண் புள்ளிவிவரத்துக்கு அவை போதாதவை. விளைந்த ஊரிலேயே உண்ணப்படும் பயிர் எல்லையைத் தாண்டுவதில்லை. அதனால் வணிக அளவில் சிறியதாகவே தெரியும். அதனால் வரி கிடைக்காது. ஏழைகளின் அன்றாட உணவில் பெரும்பகுதி இந்த வகை. சேனை, சேப்பங்கிழங்கு, வரகு, பலா என எத்தனையோ பயிர்கள் இந்தத் தடையில் சிக்கியவை.

2012ஆம் ஆண்டுப் பதிப்பு இந்தத் தடையை ஓரளவு உடைத்தது என்பதால் அதை விரிவாகப் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்புக்கும் உணவு வேளாண்மை அமைப்பின் முன்னெச்சரிக்கைத் தரவுக்கும் சுங்கக் குறியீடு உதவ வேண்டும் என்ற நோக்கம் அந்தத் திருத்தத்தில் வெளிப்படையாக ஏற்கப்பட்டது. அமைப்பின் முன்மொழிவுகளால் பல பயிர்கள் ‘பிற’ வரியிலிருந்து வெளியே வந்தன. வள்ளிக்கிழங்குக்கும் சேம்பினங்களுக்கும் தனி வரிகள் பிறந்தன. ஆப்பிரிக்காவின் ஃபோனியோவும் ஆண்டிஸ் மலையின் கினோவாவும் தானிய அத்தியாயத்தில் பெயர் பெற்றன. கினோவாவின் வரி பிறந்த மறு ஆண்டையே ஐ.நா. பன்னாட்டுக் கினோவா ஆண்டாகக் கொண்டாடியது. அதன் ஏற்றுமதி உயர்ந்த வேகத்தை உலகம் பொதுவான ஓர் எண்ணில் பார்க்க முடிந்தது. பாக்குக்குத் தனி எண் வந்தது. வாழை, சமையலுக்குரிய ஒரு வகையாகவும் மற்றவையாகவும் பிரிந்தது. பல தானியங்களில் விதை தனியே பிரிக்கப்பட்டது. மீன் அத்தியாயம் ஏறக்குறைய முழுதும் புதிதாக எழுதப்பட்டது: திலேப்பியா, கெளுத்தி, கெண்டை, விலாங்கு, விரால் ஆகியவை ஒரு குழுவாயின, கடல் அட்டை, கடல் முள்ளெலி, ஜெல்லி மீன் ஆகியவற்றுக்கென 0308 என்ற புதுத் தலைப்பே உருவானது. யாழ்ப்பாணம், மன்னார் கடலோரத்தில் வளர்க்கப்பட்டு வெளிநாடு செல்லும் கடல் அட்டையின் உலக வணிகத்தை இன்று பின்தொடர முடிவது அந்தத் தலைப்பால்தான்.

பயறு வகைகளில் நடந்தது இன்னும் பாடம் நிறைந்தது. 2012க்கு முன் துவரைக்கு ஆறு இலக்க வரி இல்லை. உலகிலேயே அதிகம் துவரை உண்ணும் நாடான இந்தியா மியான்மரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அதை வாங்கிக்கொண்டிருந்தபோதும், பன்னாட்டுக் கணக்கில் அது 0713.90 என்ற ‘பிற பயறுகள்’ வரியில் கிடந்தது. 2012இல் துவரைக்கு 0713.60உம், தட்டைப்பயறுக்கு 0713.35உம் கிடைத்தன. ஆனால் 0713.90 என்ற எண் மாறவில்லை. அந்த எண்ணின் தொடரை மட்டும் எடுத்துப் பார்ப்பவருக்கு 2012இல் ‘பிற பயறுகள்’ வணிகம் திடீரெனச் சரிந்ததாகத் தோன்றும். உண்மையில் எதுவும் சரியவில்லை. உள்ளிருந்த துவரை வெளியே போயிருக்கிறது. வகைப்பாட்டுத் திருத்தம் ஏற்படுத்தும் மிக ஆபத்தான பிழை இதுதான்: எண் அதே, பெயர் அதே, உள்ளடக்கம் வேறு.

உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் அந்த விடுதலை வரவில்லை. இரண்டும் இன்றும் 0713.31 என்ற ஒரே உட்தலைப்பில் இருக்கின்றன. இட்லி மாவுக்குப் போகும் பயறும் பொங்கலுக்குப் போகும் பயறும் வெவ்வேறு விலை, வெவ்வேறு பருவம், வெவ்வேறு தேவை கொண்டவை. இந்தியாவின் உளுந்து இறக்குமதி பெரும்பாலும் மியான்மர் என்ற ஒரே நாட்டைச் சார்ந்திருக்கிறது. அங்கே விளைச்சலோ அரசியலோ தடுமாறினால் முதலில் தெரிய வேண்டிய இடம் இந்த வரி. பாசிப்பயறோடு கலந்திருப்பதால் அது மங்கலாகவே காட்டும். விளைச்சல் கணக்கில் நிலைமை இதைவிடச் சிக்கல். உணவு வேளாண்மை அமைப்பின் ‘உலர் பீன்ஸ்’ வரி அடிப்படையில் ராஜ்மா இனத்துக்குரியது. உளுந்தையும் பாசிப்பயறையும் தாவரவியலார் முன்பு அதே பேரினத்தில் வைத்திருந்தார்கள். பின்னர் விக்னா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். பல நாடுகள் பழைய வழக்கப்படியே அவற்றை அந்த வரியில் அனுப்பிவருகின்றன. உலர் பீன்ஸ் விளைச்சலில் இந்தியாவைப் பிரேசிலோடு ஒப்பிடும் அட்டவணைகள், இதனால், பெரிதும் வெவ்வேறு பயிர்களை ஒப்பிடுகின்றன. இந்தக் குழப்பத்தை நீக்குவது அடுத்தடுத்த திருத்தங்களின் கடமைகளில் முதலிடம் பெறத் தக்கது.

இலங்கையின் கறுவா இன்னொரு வகைச் சான்று. இலங்கைக் கறுவாவும், இந்தோனேசியா, சீனா, வியட்நாம் நாடுகளின் காசியாப் பட்டையும் வேறு இனங்கள். விலையிலும் பெரிய வேறுபாடு உண்டு. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முழுப்பட்டையில் இவற்றைப் பிரித்தது: இலங்கை இனத்துக்கு 0906.11, மற்றவற்றுக்கு 0906.19. ஆனால் அரைத்துத் தூளாக்கியவுடன் எல்லாமே 0906.20. தூளைக் கண்ணால் பார்த்து இனம் பிரிக்கச் சுங்க அலுவலரால் இயலாது என்பது காரணம். கலப்படம் எளிதாக நடக்கக்கூடிய வடிவமும் தூள்தான். விளைச்சல் கணக்கிலோ உலகக் கறுவா முழுதும் ஒரே வரி. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. சட்டம் ஒரு தனிப்பொருளாக ஏற்றதைப் புள்ளிவிவரம் பாதி வழி மட்டுமே ஏற்றிருக்கிறது.

சில கூட்டுகளுக்கு இன்று நியாயமே சொல்ல முடியாது. மாம்பழம், கொய்யா, மங்குஸ்தான் மூன்றும் 0804.50 என்ற ஒரே எண்ணில் இருக்கின்றன. சி.பி.சி.யின் 2.1ஆம் பதிப்பு அந்தக் கூட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. உணவு வேளாண்மை அமைப்பின் விளைச்சல் தரவும் அவற்றைச் சேர்த்தே தருகிறது. வணிகத்தில் சிறியனவாக இருந்த மூன்று வெப்பமண்டலப் பழங்களை வடநாடுகளின் சுங்கம் ஒரே மூட்டையில் கட்டியது போன்ற ஏற்பாடு இது. மங்குஸ்தான் அதிகம் ஏற்றுமதி செய்யும் தாய்லாந்தின் சராசரி விலையையும் மாம்பழம் அனுப்பும் மெக்சிகோவின் சராசரி விலையையும் இந்த எண்ணை வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. பலாவுக்கு ஆறு இலக்கத்தில் இடமே இல்லை, டுரியனுக்கு உண்டு. தென்கிழக்காசிய வணிகம் டுரியனைத் தூக்கிவிட்டது. பலாவை அப்படித் தூக்கிவிட யாரும் முன்வரவில்லை.

சிறுதானியங்களில் தகவல் மேலே போகப் போக எப்படி உதிர்கிறது என்பதைத் தெளிவாகக் காணலாம். தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவாகின்றன. மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறையின் பருவப் பயிர் அறிக்கையும் அவற்றைத் தனித்தனியே காட்டுகிறது. தேசிய அளவில் சோளமும் கம்பும் கேழ்வரகும் தனியாக நிற்க, மற்றவை ‘குறுதானியங்கள்’ என்று ஒன்றாகின்றன. பன்னாட்டுத் தரவில் சோளம் மட்டும் தனி. கம்பிலிருந்து வரகு வரை எல்லாம் ஒரே ‘மில்லட்’ வரி. 2012இல் அதிலும் விதை தனி, மற்றது தனி என்று ஒரு பிரிவு வந்தது. இனவாரிப் பிரிவு வரவில்லை. இந்தியாவின் முயற்சியால் 2023ஐ ஐ.நா. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோதும் உலகம் எவ்வளவு கேழ்வரகு விளைவிக்கிறது என்று அந்தத் தரவிலிருந்து சொல்ல வழியில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மற்றச் சிறுதானியங்களைவிடப் பல மடங்கு அதிகம். சராசரி ‘மில்லட்’ ஒன்றை வைத்து ஊட்டச்சத்துக் கணக்குப் போட்டால், கிழக்கு ஆப்பிரிக்காவின் கேழ்வரகு உண்ணும் குடும்பத்துக்கும் சஹேல் பகுதியின் கம்பு உண்ணும் குடும்பத்துக்கும் விடை ஒன்றாகவே வரும்.

பட்டியல் திருந்தும்போது பழைய தொடரைப் புதியதோடு இணைப்பது தனிக்கலை. இதற்காக ஒப்பீட்டு அட்டவணைகள் வெளியிடப்படுகின்றன. பழைய ஒரு வரி புதிய ஒரு வரிக்கு நேராக அமைந்தால் சிக்கல் இல்லை. பழைய பல வரிகள் ஒன்றானால் கூட்டினால் போதும். பழைய ஒன்று பலவாகப் பிரியும்போதுதான் ஊகம் தேவைப்படுகிறது. பிரிந்த பின் கிடைத்த சில ஆண்டுகளின் விகிதத்தைக் கொண்டு முந்திய ஆண்டுகளைப் பிரிப்பது வழக்கம். சந்தை நிலையாக இருந்தால் அது பொருந்தும். கினோவா போல விரைந்து மாறிய பொருளில் பிழையாகும். நாடுகள் புதிய பதிப்புக்கு ஒரே நாளில் மாறுவதும் இல்லை. ஏற்றுமதி நாடு புதிய எண்ணிலும் இறக்குமதி நாடு பழைய எண்ணிலும் எழுதும் ஆண்டுகளில் ஒரே கப்பல் சரக்கு இரண்டு இடத்தில் பதிவாகும். ஒரு நாடு அனுப்பியதும் மற்ற நாடு பெற்றதும் பொருந்தாமற்போகும் பல இடங்களுக்குக் களவு காரணமல்ல. பதிப்பு வேறுபாடே காரணம்.

சுங்கப் பட்டியலின் எல்லையை உணர்ந்து உணவு வேளாண்மை அமைப்பு எடுத்த வழி மதிக்கத்தக்கது. தன் தனிப்பட்டியலை அது சி.பி.சி.யோடு இணைத்தது. சி.பி.சி. 2.1இன் ஐந்து இலக்கங்களுக்குப் பின் புள்ளி வைத்து மேலும் இரண்டு இலக்கங்கள் சேர்த்து, வேளாண் புள்ளிவிவரத்துக்கான விரிவாக்கப் பதிப்பை 2015இல் வெளியிட்டது. மேலே உள்ள ஐந்து இலக்கங்களை எல்லாத் துறைகளும் படிக்கலாம். கீழே உள்ள இரண்டும் பயிர் அறிந்தவர்களுக்கு. வணிகம் சிறியது என்ற காரணத்தால் ஒரு பயிரை அங்கே தள்ளிவைக்க வேண்டியதில்லை. உணவுச் சமநிலை அட்டவணைகளுக்கு இந்த இணைப்பு பெரிய துணை. அவற்றில் மாவு, ரவை, ரொட்டி எல்லாம் கோதுமை அளவுக்கு மாற்றிக் கூட்டப்படுகின்றன. விளைச்சலும் வணிகமும் ஒரே மொழியில் பேசாவிட்டால் நாடு உண்பதன் அளவே தவறும்.

உண்ணும் தரப்பில் பட்டியல்கள் இன்னும் ஒட்டவில்லை. குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளுக்கு 2018இல் திருத்தப்பட்ட நுகர்வு வகைப்பாடு இருக்கிறது. தனிமனித உணவு ஆய்வுகளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபுட்எக்ஸ்2 பரவலாகியுள்ளது. பதப்படுத்திய உணவுகளோ சுங்கப் பட்டியலில் 2106.90 என்ற பெரிய ‘பிற உணவுத் தயாரிப்புகள்’ வரியில் குவிகின்றன. நகர மக்களின் உணவில் வேகமாக வளரும் பகுதி இது. வகைப்பாட்டில் மிகவும் பின்தங்கிய பகுதியும் இதுவே. இயற்கை வேளாண் விளைபொருளுக்கோ, பிடித்த மீனுக்கும் வளர்த்த மீனுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கோ ஆறு இலக்கத்தில் இடமில்லை. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதே தடை. அமெரிக்கா போன்ற நாடுகள் இயற்கை விளைபொருளுக்குத் தம் பத்து இலக்கத்தில் வரிகள் வைத்துக்கொண்டன. 2022ஆம் ஆண்டுப் பதிப்பு உண்ணத்தகு பூச்சிகளுக்கு 0410.10 என்ற வரியையும், மிகத் தூய ஆலிவ் எண்ணெய்க்குத் தனி எண்ணையும் தந்தது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்க்கும் பச்சைத் தேங்காய்ப் பால் எண்ணெய்க்கும் அப்படி ஒரு பிரிவு அந்தப் பதிப்பில் இல்லை. ஆலிவுக்குத் தர நிர்ணயமும் அதைப் பேசப் பன்னாட்டுக் குழுவும் நெடுங்காலமாக உண்டு. தென்னை நாடுகள் அந்த அளவுக்கு ஒன்றுபட்டு வாதாடவில்லை.

இப்போதைய திருத்த அலை பெரியது. தொழில் வகைப்பாட்டின் 5ஆம் திருத்தத்தை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2023இல் ஏற்றது, சி.பி.சி.யின் 3.0ஆம் பதிப்பு அதற்கு இணையாக வகுக்கப்பட்டது. பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன அடுத்த எச்.எஸ். பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. இதில் இடம்பெறாத பொருள் அதற்கடுத்த பதிப்புக்குத்தான் காத்திருக்க முடியும். முன்மொழிவு வைக்கும் நாடு, அந்தப் பொருளின் வணிகம் தனி வரிக்குத் தகுதியானது என்று எண்களால் காட்ட வேண்டும். ‘பிற’ வரியில் கலந்திருக்கும் பொருளுக்கு அந்த எண் எங்கும் இருக்காது. தேசியப் பட்டியலின் ஏழாம், எட்டாம் இலக்கத்தில் முன்கூட்டியே பிரித்துப் பல ஆண்டுகள் பதிவுசெய்து வைத்திருந்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும். பலாவுக்கும் உளுந்துக்கும் கேழ்வரகுக்கும் அந்தப் பதிவு முதலில் விளையும் நாடுகளிலும் வாங்கும் நாடுகளிலும் தொடங்க வேண்டும். அதே பிரிவைப் பல நாடுகள் ஒரே விளக்கத்தோடு வைத்திருந்தால் குழுவின் முன் வாதம் வலுப்பெறும்.